ஒன்பதடிச் சுவர்

பீரோ ஓரடி நகர்ந்த பிறகுதான் அதன் பின்னால் ஒரு கதவு இருப்பது உதயகுமாருக்குத் தெரிந்தது.

ஆறு வருடமாகக் குடியிருக்கும் வீடு. கூடம் ஒன்று, படுக்கையறை ஒன்று, சமையலறை ஒன்று. கண்ணைக் கட்டிவிட்டாலும் எதிலும் இடிக்காமல் சுற்றி வந்துவிடுவான். அப்படிப்பட்ட வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒரு கதவு இருந்தது என்பதை அவனால் சட்டென்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பீரோவுக்குத் தோளால் முட்டுக்கொடுத்தபடி தலையை மட்டும் இடுக்கில் நுழைத்துப் பார்த்தான். இரட்டைக் கதவு. பச்சைப் பெயிண்ட். அதன்மேல் கம்பளி போர்த்தியதுபோல் ஒட்டடை.

"தாரணி, இங்க வா. நம்மூட்டுல ஒரு கதவு இருக்குது."

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "நாலு இருக்குது. அதுக்கென்ன இப்போ?"

"அஞ்சாவதா ஒண்ணு இருக்குது."

தாரணி தோசைக் கரண்டியோடு வந்தாள். அவள் பின்னால் மகள் அனுப்ரியா, கையில் இயற்பியல் புத்தகத்தோடு. பி.யூ.சி. இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கும் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் படிக்க இருந்த இடம் சமையலறையில் கேஸ் சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் ஒரு முக்காலி. கூடத்தில் உட்கார்ந்தால் தெருச் சத்தம். படுக்கையறையில் கட்டிலைத் தவிர ஒரு பாய் விரிக்கக்கூட இடம் கிடையாது. குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் சூத்திரம் மறந்துபோகிறது என்று அவள் சொல்லிச் சொல்லி, தாரணி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பன்னூர் ரோட்டில் புது லேஅவுட்டில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டாள். மாதம் பிறந்தால் அங்கே போய்விட வேண்டியதுதான்.

உதயகுமாருக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அவர்கள் குடியிருக்கும் அக்ரஹாரத்தில் இருந்து பத்து நிமிடம் நடந்தால் பஸ் ஸ்டாண்டு. அங்கே நஞ்சன்கூடு பஸ்ஸில் ஏறினால் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவார்கள். பன்னூர் ரோட்டில் இருந்தென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும்.

"ஒரு மாசம் டைம் குடு. இந்த ஊட்டையே பெருசாக்கிக் காட்டறேன்" என்று கேட்டு வாங்கியிருந்தான்.

அந்தத் தைரியத்தைக் கொடுத்தது செல்போன். குறைந்த செலவில் வீட்டைப் புதுசாக்குவது எப்படி என்று ஒரு பெண்மணி தினமும் ஒரு வீடியோ போட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்ன முதல் யோசனை, செலவே இல்லாதது. சாமான்களை இடம் மாற்றிப் போடுங்கள், வீடே வேறு வீடாகிவிடும் என்றார். அதை நம்பித்தான் உதயகுமார் ஞாயிற்றுக்கிழமை காலையில் பீரோவில் கை வைத்தான்.

"ஏனுங்க, இது எங்க போகுது?" என்றாள் தாரணி, கதவைப் பார்த்து.

"அதைத்தான் பாக்கப் போறேன்."

உதயகுமார் எதையும் திறந்து பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை. தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்ப்பது அவன் வேலை. ஓடாத மெஷினைத் திறப்பது மற்றவர்கள் வழக்கம் என்றால், ஓடுகிற மெஷினையும் எப்படி ஓடுகிறது என்று பார்க்கத் திறப்பது அவன் வழக்கம். கல்யாணத்துக்கு வந்த மிக்ஸியை அவன் முதல் நாளே பிரித்துப் போட்டதில், தாரணி ஒரு வாரம் அம்மியில் அரைத்தாள்.

கதவில் இந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. பெயிண்டோடு பெயிண்டாக ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுத்தியால் நாலு தட்டுத் தட்டி நீக்கினான். கதவைத் தள்ளினான். அசையவில்லை. மறுபடி தள்ளினான்.

அதற்குள் பக்கத்து வீட்டு லிங்கப்பன் வாசலில் வந்து நின்றார். ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொரு காலில் இல்லை. ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்யப்பட்டிருந்தது.

"என்னுங்க தம்பி, பீரோவை நகத்தறாப்பல சத்தம் கேட்டுது?"

லிங்கப்பன் கோவில் பக்கத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர். உதயகுமாரைப்போலவே கொள்ளேகால் பக்கத்துக்காரர். அந்தப் பாசத்தில்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தார். வீட்டுக்கார அம்மா ஆண்டாள் பெங்களூரில் மகனோடு இருந்ததால், சாவியைக் கொடுத்தது, வீட்டைச் சுற்றிக் காட்டியது, கன்னடத்தில் எழுதிய பத்திரத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலை வைத்தது எல்லாம் அவர்தான். இந்தப் பீரோவையும் அன்பளிப்பு என்று, வீட்டைக் காட்டும் முன்பே அவரே நாலு ஆட்களை வைத்து இறக்கிப் போட்டிருந்தார். யார் செய்வார்கள் இந்தக் காலத்தில் என்று தாரணி ஊருக்கெல்லாம் சொன்னாள்.

"ஆமாங்ணா. இங்க ஒரு கதவு இருக்குதுங்ணா. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

லிங்கப்பன் கதவைப் பார்த்தார். பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரரைக் கல்யாண வீட்டில் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அதுங்களா? அது சும்மா கதவு."

"சும்மா கதவுன்னா?"

"அந்தக் காலத்துல ரெண்டு ஊடும் ஒண்ணா இருந்துது. பொறவு பாகம் பிரிச்சப்ப அக்கட்ட செவுரு வெச்சு அடைச்சுட்டாங்க. கதவைத் தொறந்தா செவுருதான். செவுத்தைப் பாக்கறதுக்கு எதுக்குங்க மெனக்கெட்டுக் கதவைத் தொறக்கணும்?"

அது நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் உதயகுமாருக்கு மனசு கேட்கவில்லை. திறந்தால் சுவர் இருக்கும் ஒரு கதவை அவன் பார்த்ததே இல்லை. அதனாலேயே அதைத் திறந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"பீரோவைப் பழைய எடத்துலயே தள்ளிருலாம், வாங்க" என்று லிங்கப்பனே தோள் கொடுத்தார். அவர் கொடுத்த தோளில் அவசரம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. பீரோவின் ஒரு கால் மடக்கென்று மடங்கியது. பீரோ சாய்ந்து, கூடத்தின் நட்ட நடுவில், டிவி மேஜையில் முதுகை வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை.

பெரிதாக்குவதாகச் சொன்ன வீட்டில் இப்போது கூடமும் பாதியாகிவிட்டது.

"முதல் வீடியோ முடிஞ்சுதா?" என்று கேட்டாள் தாரணி. "இன்னும் எத்தன இருக்குது?"

*

இரண்டாவது வீடியோவில் திரைச்சீலை. அசிங்கமாக இருக்கும் இடத்தை அழகான திரையால் மறையுங்கள், கூடத்துக்கே ஒரு கம்பீரம் வந்துவிடும் என்றார் அந்தப் பெண்மணி.

திரை வாங்கக் கடைக்குக் கிளம்பியவனை லிங்கப்பன் வாசலிலேயே மடக்கினார். "கடையில போயி எதுக்குங்க காசைக் கொட்டறீங்க? நம்ம கடையில இருக்குது." சொன்ன கையோடு எடுத்து வந்து கொடுத்தார். சிவப்பு வெல்வெட், ஓரத்தில் தங்கச் சரிகை, கீழே குஞ்சலம். அவரே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டியும் கொடுத்தார். தரை கூட்டும் நீளத்துக்கு அது தொங்கியது. காற்று புகும் இடுக்கு ஒன்றுகூடத் தெரியாமல் இழுத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்து, "இப்பத்தான் அம்சமா இருக்குது" என்றார்.

மறுநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கூடத்துக்குள் ஒரு காலை வைத்தார், திரையைப் பார்த்தார், காலைப் பின்வாங்கினார். சிலிண்டரை வெளியிலேயே இறக்கி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கைகூப்பிக் கொண்டு உள்ளே வந்தார்.

"யாவ தேவரு சார்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எந்தச் சாமி என்று கேட்கிறார்.

உதயகுமார் முதலில் திரையைப் பார்த்தான். பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சிவப்பு வெல்வெட், சரிகை, குஞ்சலம். போதாததற்கு அந்த வீட்டில் எப்போதுமே சந்தனமும் மல்லிகையும் கலந்த மணம் ஒன்று இருக்கும். பழைய வீடு, உத்தரத்தில் சந்தன மரம் வைத்துக் கட்டியிருப்பார்கள் என்று உதயகுமார் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லி வந்தான். இப்போது திரைக்கு அடியில் இருந்து அந்த மணம் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

"சாமி இல்லைங்க. கதவு" என்றான்.

சிலிண்டர்காரர் நம்பவில்லை. சொல்லக்கூடாத சாமி போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை எதிர்வீட்டு ஸ்ரீதேவி வந்தாள். சர்க்கரை கேட்டு வந்தவள், சர்க்கரையை மறந்துவிட்டு அரைமணி நேரம் திரைமுன் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவள் இன்னும் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒருத்தி தேங்காய் கொண்டுவந்திருந்தாள். சாய்ந்து நின்ற பீரோவைச் சேர்த்து நால்வரும் மூன்று சுற்றுச் சுற்றினார்கள். கூடத்தில் இருந்த இடத்துக்கு அது பெரிய காரியம்.

"அப்பா, ஸ்வல்ப கேளுப்பா" என்றாள் அனுப்ரியா. கொஞ்சம் என்பது அவளுக்குக் கன்னடத்தில்தான் வரும். "நான் படிக்கறப்ப அடுப்படிக்கு வந்து எங்கிட்டத் தீர்த்தம் கேக்கறாங்க."

சனிக்கிழமை காலையில் உதயகுமார் திரையைக் கழற்றினான்.

*

கழற்றிய பத்தாவது நிமிடம் லிங்கப்பன் வந்தார். கையில் நீளமாகச் சுருட்டிய காகிதம். பின்பக்கம் பசை தடவியது, உரித்து ஒட்ட வேண்டியதுதான் என்றார். விரித்தால் ஓர் அருவி. இரண்டு பக்கமும் காடு, கீழே ஒரு மான்.

"உங்களுக்கு எதுக்குங்ணா இத்தன சிரமம்?"

"பக்கத்து ஊட்டுக்காரன்னு எதுக்கு இருக்கறேன்? அந்தக் கதவைக் கண்ணுல பாக்கறப்பெல்லாம் நீங்க சங்கடப்படறதைப் பாத்தா எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க."

அவரே ஒட்டினார். கதவின் விளிம்பில் இருந்து விளிம்புவரை, ஒரு பிசிறு விடாமல். கூடத்துக்கு உண்மையிலேயே ஒரு களை வந்தது. தாரணிகூட ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று மதியம் அனுப்ரியா சமையலறையில் இருந்து வந்து, அருவியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்பா, இது மூச்சு விடுது."

உதயகுமார் பார்த்தான். அருவி மெல்ல உப்பியது. பிறகு உள்வாங்கியது. மறுபடி உப்பியது. மான் கொஞ்சம் கொழுத்துக் கொஞ்சம் இளைத்தது.

"ஏனுங்க, பின்னால செவுருன்னுதானே சொன்னாங்க" என்றாள் தாரணி. "செவுத்துல இருந்து காத்து எப்பிடி வருது?"

உதயகுமாருக்குள் ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தது எழுந்தது. அருவியில் காதை வைத்தான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு டக்டக்கென்று பழைய ஃபேன் ஓடும் சத்தம். அப்புறம் தெளிவாக ஒரு இருமல்.

அவன் நிமிர்ந்தான். "செவுரு இருமுது."

தாரணி வந்து காதை வைத்தாள். அனுப்ரியாவும் வைத்தாள். மூவரும் மான் உயரத்துக்குக் குனிந்து வரிசையாக நின்றார்கள். உள்ளே ஒரு பெண்குரல் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

அனுப்ரியா நிமிர்ந்து அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். உதயகுமாரும் பின்னாலேயே போனான். வீட்டின் வெளிப்புறத்தை அவர்கள் வாசலில் இருந்து லிங்கப்பன் வாசல்வரை அளந்தார்கள். பிறகு உள்ளே வந்து கூடத்தை அளந்தார்கள். லிங்கப்பன் வீட்டுக் கூடத்தின் அளவு உதயகுமாருக்குத் தெரியும். போன வருடம் அவருக்குப் பாய் வாங்கிக் கொடுத்தது அவன்தான். அனுப்ரியா நோட்டில் கூட்டிக் கழித்தாள். மறுபடியும் கழித்தாள்.

"அப்பா, கணக்கு சரியாத்தான் இருக்குது. நடுவுல இருக்கற செவுரு ஒன்பது அடி கனம்."

சாயங்காலம் லிங்கப்பன் கடைக்கே போய்க் கேட்டுவிட்டான் உதயகுமார். அவர் ஒருவருக்குக் கற்பூரம் மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதடி இருக்குமாங்ணா ஒரு செவுரு?"

லிங்கப்பன் கற்பூரத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "மகாராஜா காலத்துச் செவுரு, தம்பி. அப்பெல்லாம் மனுசங்க அப்படிக் கட்டுனாங்க."

"இருமுதுங்களே?"

"பழைய செவுரு பாருங்க. எங்கூட்டுச் சத்தம் உங்கூட்டுல கேக்கும், உங்கூட்டுது எங்கூட்டுல கேக்கும். நீங்க போன மாசம் பன்னூர் ரோட்டு ஊட்டைப் பத்திப் பேசிக்கிட்டதெல்லாம் எனக்குக் கேட்டுது. நான் என்ன செவுத்தையா சந்தேகப்பட்டேன்?"

உதயகுமார் தலையாட்டிவிட்டுக் கிளம்பினான். ஆனால் திரும்பி நடந்தபோது ஒன்று மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்பதடிச் சுவருக்குள் ஃபேனை எங்கே மாட்டுவார்கள்?

*

கண்ணாடி யோசனை யாருடையது என்று பின்னால் யாருக்கும் தெளிவாக நினைவில்லை. வீடியோப் பெண்மணியும் சொல்லியிருந்தார், லிங்கப்பனும் சொன்னார். சின்னக் கூடத்தில் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டினால் கூடம் இரண்டு மடங்காகத் தெரியும். அருவி எப்படியும் உரிந்து தொங்க ஆரம்பித்திருந்தது. கனமான கண்ணாடியாக இருந்தால் மூச்சு விடாது என்பது உதயகுமாரின் கணக்கு. கனமானதாக இருந்தால் யாரும் நகர்த்தமாட்டார்கள் என்றார் லிங்கப்பன்.

மண்டி மொஹல்லாவில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. மூடிப்போன முடிதிருத்தும் கடையின் கண்ணாடி. ஆள் உயரம், துளி கீறல் இல்லை. கீழே மட்டும் கன்னட எழுத்தில் சிவப்பாக ஏதோ எழுதியிருந்தது. உதயகுமாருக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும், படிக்க வராது.

"என்ன கண்ணு எழுதியிருக்குது?"

அனுப்ரியா படித்துச் சொன்னாள். "தயவுசெய்து தலையை ஆட்டாதீர்கள்."

தாரணி தலையில் அடித்துக்கொள்ளப் போனவள், கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள்.

கதவின் மேல்சட்டத்தில் இரண்டு பெரிய ஆணி அடித்தால் கண்ணாடி நிற்கும். முதல் ஆணி நன்றாக இறங்கியது. கண்ணாடியின் ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையை அனுப்ரியா பிடித்துக்கொள்ள, உதயகுமார் ஸ்டூலில் நின்று, கதவில் முழங்காலை ஊன்றி, இரண்டாவது ஆணியை ஓங்கி அடித்தான். மூன்றாவது அடியில் கதவுக்குப் பின்னால் கிணுக்கென்று ஏதோ விழுந்தது.

கதவு திறந்தது.

ஆறு வருடமாக அசையாத கதவு, சத்தமே இல்லாமல், வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திறந்தது. முழங்காலை அதில் ஊன்றியிருந்த உதயகுமாரும் அதோடு போனான். அனுப்ரியா கண்ணாடியைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டதால் கண்ணாடி பிழைத்தது.

உதயகுமார் எதன்மேலோ மெத்தென்று விழுந்தான். கண்ணைத் திறந்து பார்த்தபோது ஊதுபத்தி மூட்டைகள்மேல் கிடந்தான். சுற்றிலும் ஊதுபத்தி. சந்தனம் ஒரு பக்கம், மல்லிகை ஒரு பக்கம், கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தது. நல்ல அறை. பின்கட்டைப் பார்த்த பெரிய ஜன்னல், அதன் வழியாக வெயில். ஒரு கட்டில். எதிர்ப்பக்கம் லிங்கப்பன் வீட்டுக்குப் போகும் ஒரு கதவு. மேலே ஃபேன் டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர்கீழே லிங்கப்பனின் மனைவி பாப்பம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க" என்றார் பாப்பம்மாள். பிறகு இருமினார்.

உதயகுமாருக்கு அவமானத்தில் காது சுட்டது. பட்டப்பகலில் கதவை உடைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுக்குள், அதுவும் ஒரு பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் விழுந்திருக்கிறான்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. தெரியாமப் போச்சுங்க. செவுருன்னு நெனச்சேனுங்க."

"அதனால என்னங்க. காப்பி குடிக்கறீங்களா?"

பாப்பம்மாள் போன் போட்டதும் லிங்கப்பன் கடையில் இருந்து ஓடி வந்தார். அறையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், வாசலில் வரிசையாக நின்ற மூன்று பேரையும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று உதயகுமார் குனிந்து நின்றான். போலீஸுக்குப் போனாலும் கேட்பதற்கில்லை.

லிங்கப்பன் திட்டவில்லை. சரிந்து கிடந்த ஊதுபத்தி மூட்டை ஒன்றை நிமிர்த்தி வைத்தார்.

"பரவால்லீங்க தம்பி" என்றார் கடைசியில். "செவுருன்னு சொன்னேனில்லீங்க, அது... அக்கட்ட இருக்கற செவுரு. நடுவுல இந்த ரூமு."

"எங்க தப்புத்தானுங்ணா. உங்க ரூமுக்குள்ள நாங்க வந்து..."

"அதெல்லாம் விடுங்க. உங்களை நான் தப்பா நெனப்பனா? நாளைக்கே கொத்தனாரைக் கூட்டியாரேன். கதவைக் கழட்டிட்டு நிசமாவே ஒரு செவுத்தை வெச்சுருலாம். செலவு என்னோடது. உங்களுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் இல்ல."

தாரணிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வீட்டுக்கதவை உடைத்தவனுக்குத் தன் செலவில் சுவர் வைத்துத் தருகிறேன் என்கிற மனுசனை அவள் பார்த்ததில்லை. அன்று மாலையே நெய் ஊற்றிக் கேசரி கிண்டி லிங்கப்பன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

கேசரியைக் கொண்டுபோன அனுப்ரியா அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அங்கிள், செவுரு வெக்கற வரைக்கும் இந்த ஜன்னல்கிட்ட உக்காந்து படிச்சுக்கட்டுமா? ஒரு மணி நேரம்?"

லிங்கப்பன் யோசித்தார். பாப்பம்மாளைப் பார்த்தார். பாப்பம்மாள் தரையைப் பார்த்தார்.

"ஒரு மணி நேரந்தானே" என்றார் லிங்கப்பன். "படிச்சுக்க கண்ணு. நமக்குள்ள என்ன."

அந்த ஒரு மணி நேரத்தில் அனுப்ரியா இரண்டு பாடம் முடித்தாள். வீட்டுக்கு வந்தவள் முக்காலியில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, பன்னூர் ரோட்டு ஊட்டுக்கே போயிருலாம்" என்றாள்.

ஒரு மாதமாகச் செய்ததெல்லாம் உதயகுமாரின் கண்முன்னால் நின்றது. சாய்ந்த பீரோ, உரிந்த அருவி, தலையை ஆட்டாதே என்கிற கண்ணாடி. பெண்ணுக்கு நாலுக்கு நாலு இடம் தேடப்போய், இருந்த கூடத்தையும் கெடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் தலையில் ஒரு செலவையும் கட்டியாயிற்று.

"சரி கண்ணு. போயிருலாம்" என்றான்.

*

மறுநாள் காலையில் செங்கல் வந்து இறங்கியது. கொத்தனார் கதவை நிலையோடு கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டு வேலையை ஆரம்பித்தார். உதயகுமார் லீவு போட்டுவிட்டு, தன்னால் முடிந்த பரிகாரமாகச் செங்கல் எடுத்துக் கொடுத்தான். தாரணி தண்ணீர் தெளித்தாள். அரைச் சுவர் எழும்பியபோது சிமெண்ட் தீர்ந்துவிட, இன்னொரு மூட்டை வாங்க லிங்கப்பன் ஸ்கூட்டரில் போனார்.

அப்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஒன்பது கஜப் புடவையில் இறங்கிய மூதாட்டியை உதயகுமாருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் கையில் இருந்த செங்கல்லைக் கீழே வைத்தான். வீட்டுக்கார அம்மா ஆண்டாள். மேல்கோட்டையில் உறவுக்காரப் பையனுக்குப் பூணூல் என்று வந்தவர், அப்படியே ஒரு எட்டு வந்து வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கியிருக்கிறார்.

"என்னடாது, செங்கல்லும் மணலுமா கெடக்கு? நன்னா இருக்கேளா எல்லாரும்?"

வீட்டுக்காரரைக் கேட்காமல் அவர் வீட்டில் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உதயகுமாருக்கு உறைத்தது. லிங்கப்பன் சொல்லியிருப்பார் என்று நினைத்துவிட்டான். அரைச் சுவரின் முன்னால் கையை விரித்து நின்றான். சுவர் அவனைவிட அகலமாக இருந்தது.

"அம்மா, எல்லாம் எந்தப்புத்தானுங்க" என்று ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. பெண்ணுக்குப் படிக்க இடம் இல்லாததில் தொடங்கி, பீரோ, திரை, அருவி, கண்ணாடி என்று எல்லாவற்றையும் கொட்டினான். கதவை உடைத்துக்கொண்டு லிங்கப்பன் அறைக்குள் விழுந்ததையும் சொன்னான். "இத்தனைக்கும் அந்த மனுசன் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலீங்க. அவரு ரூமை உடைச்ச எனக்கு, அவரு செலவுலயே செவுரு வெச்சுத் தர்றாருங்க."

"தங்கமான மனுசருங்கம்மா" என்றாள் தாரணி. "எம்பொண்ணை அவரு ரூமுல ஒரு மணி நேரம் படிக்கக்கூட விட்டாருங்க."

ஆண்டாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அரைச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஊதுபத்தி மூட்டைகளைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். ஜன்னல் வெயிலைப் பார்த்தார். பிறகு திரும்பி, ஏதோ கணக்குப் புரியாத குழந்தைபோல் உதயகுமாரின் முகத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். உங்களுக்குன்னு வாடகைக்கு விட்ட ரூமை லிங்கப்பன் எதுக்குச் சுவர் வெச்சு அடைக்கறார்?"